யூரின் டெஸ்ட் நார்மல், எரிச்சல் மட்டும் போகவில்லை: நீலகிரிப் பெண்கள் அடிக்கடி கேட்ட கேள்விகள்

நீலகிரியில் முதலில் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியிலும், பிறகு மகளிர் நோய்ப் பிரிவிலும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ஊசி போடும் அறையில் திரைக்குப் பின்னால் என் காதோரம் கேட்கப்பட்ட கேள்விகள் நிறைய. நீர்க்கடுப்பு பற்றிய கேள்விகள்தான் அவற்றில் அதிகம். அதிலும் "மாத்திரை சாப்பிட்டால் போகிறது சிஸ்டர், அப்புறம் திரும்ப வருகிறது" என்ற ரகம். இங்கே எழுதியிருப்பது அந்த ரகத்துக்காக.

யூரின் டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்கிறார்கள். எரிச்சல் இருக்கிறதே, நானா பொய் சொல்கிறேன்?

இல்லை. அந்த பாட்டிலில் இருந்த சிறுநீரில் என்ன இருந்தது என்பதை மட்டும்தான் டெஸ்ட் சொல்கிறது. உங்கள் உடம்பில் எங்கே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவார். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலை. ஒன்றரை வருஷத்தில் ஐந்து முறை மாத்திரை எழுதிக் கொடுத்தாயிற்று. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு மூன்று முறை அனுப்பி, மூன்று முறையும் "வளர்ச்சி இல்லை" என்றே வந்தது. நான்காவது முறை வந்தபோது சீட்டில் "மனப்பதற்றம்" என்று எழுதி, தூங்குவதற்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. அது எங்கேயும் நடந்திருக்கக்கூடியதுதான்.

பிறகு ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்திருந்த பெண் டாக்டர் ஒருவர் அவரைப் படுக்கச் சொல்லி, கையுறை போட்டு, யோனியின் முன்பக்கச் சுவரை விரலால் உள்ளிருந்து வெளியே மெதுவாக நீவினார். சிறுநீர்த் துவாரத்தின் இடது ஓரத்தில் நொய் அரிசி அளவுக்கு ஒரு சொட்டு சீழ் எட்டிப் பார்த்தது. மொத்தம் இரண்டு நிமிஷம். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான்.

அந்தச் சீழ் எங்கிருந்து வந்தது?

ஸ்கீன் சுரப்பியிலிருந்து. பெண்ணின் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதன் கடைசிப் பகுதியை ஒட்டிச் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் முக்கியமான இரண்டின் வாய், சிறுநீர்த் துவாரத்தின் இரு ஓரத்திலும் ஊசிமுனை போலத் திறக்கும். நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் டாக்டர் கண்ணுக்கே தெரியாது.

1880-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் வேலை பார்த்த அலெக்ஸாண்டர் ஸ்கீன் என்ற ஸ்காட்லாந்துக்கார மகளிர் நோய் மருத்துவர் இவற்றை விவரித்தார். பெயர் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்கு 200 வருஷம் முன்பே, 1672-ல், ரைனியர் டி கிராஃப் என்ற டச்சு மருத்துவர் பெண்ணின் சிறுநீர்க்குழாயைச் சுற்றியுள்ள சுரப்பித் திசுவை எழுதிவைத்து, அதை ஆண்களின் சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பிக்கு ஒப்பிட்டிருந்தார். அந்த ஒப்பீடு சரியானதுதான். இரண்டும் கருவில் ஒரே திசுவிலிருந்து உருவாகின்றன. ஆண்களுக்கு ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை இந்தச் சுரப்பியும் சுரக்கிறது.

ஆணுக்கு நீர்க்கடுப்பு என்று வந்தால் டாக்டருக்கு ப்ராஸ்டேட் ஞாபகம் வருகிறது. பெண் வந்தால் "தண்ணி நிறையக் குடிம்மா" என்பதுதான் ஞாபகம் வருகிறது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

சுரப்பியில் கிருமி இருந்தால் கல்ச்சரில் தெரிய வேண்டாமா?

பாட்டில் கொடுக்கும்போது நர்ஸ் என்ன சொல்வார்? "கழுவிட்டு, முதல்ல வர்ற யூரினை விட்டுட்டு, நடுவுல வர்றதைப் பிடிங்க." நானும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன். தப்பில்லை. சிறுநீர்ப்பையிலும் கிட்னியிலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் சரியான முறை. தோலில் இருக்கும் கிருமி கலக்காமல் இருக்க வேண்டுமே.

ஆனால் சுரப்பிச் சீழ் எங்கே இருக்கிறது? வாசலிலேயே. கழுவும்போது கொஞ்சம் போகும், முதல் நீரோடு மீதியும் போகும். அதற்குப் பிறகு வரும் சுத்தமான நடுநீரைப் பிடித்து லேபுக்கு அனுப்பினால் "வளர்ச்சி இல்லை" என்றுதான் வரும். திருடன் வாசலில் உட்கார்ந்திருக்க, பரணில் தேடிவிட்டு வீட்டில் யாருமில்லை என்று சொல்வது மாதிரி. கோத்தகிரிப் பெண்ணுக்கு அந்த மூன்று பாட்டிலையும் கொடுத்தது நான். மூன்று முறையும் முதல் நீரை விடச் சொன்னதும் நான்.

சுரப்பியின் வாய் வீங்கி அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். சீழ் உள்ளேயே நிற்கும், சிறுநீரில் ஒரு துளிகூடக் கலக்காது.

கல்ச்சர் பொய்யாக நார்மல் காட்ட வேறு காரணங்களும் உண்டு. பாட்டில் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு யாராவது கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டிருப்பீர்கள். அது கிருமியை அரைகுறையாக அடக்கியிருக்கும். அல்லது லேபில் எண்ணிக்கை பார்த்து ஒதுக்கியிருப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமி என்பது பழைய அளவுகோல். எரிச்சல் உள்ள பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையும் நோயாக இருக்கலாம்.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கையால். மேலே சொன்ன அந்தப் பரிசோதனைதான் முதல் படி. டாக்டர் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு யோனிக்குள் ஒரு விரலை வைத்து முன்சுவரைத் தொட்டு, சிறுநீர்க்குழாய் நெடுக எங்கே சுருக்கென்று வலிக்கிறது என்று கேட்பார். அப்புறம் உள்ளிருந்து வெளியே நீவி, ஏதாவது கசிகிறதா என்று கவனிப்பார். கசிந்தால் அதைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கல்ச்சருக்கும், உடலுறவால் பரவும் கொனோரியா, கிளமிடியா கிருமிகளுக்கான சோதனைக்கும் அனுப்புவார்கள். ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் உடனே பார்ப்பதும் உண்டு.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டதும் முதல் வேலையாக யூரின் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்துவிட்டு வரிசையில் நின்று டாக்டர் முன் படுக்கும்போது, வாசல் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கும். அதனால் எரிச்சலோடு போகிறவர்கள் முடிந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் போய், "முதலில் பரிசோதனை, பிறகு யூரின்" என்று கேளுங்கள். குன்னூரிலிருந்து ஊட்டி வரை பஸ்ஸில் வந்தாலே அந்த நேரம் ஆகிவிடும், தனியாக அடக்க வேண்டியதில்லை. அடக்க முடியாத வலி என்றால் அடக்க வேண்டாம், போய்விடுங்கள். பரிசோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

அன்று சீழ் வராவிட்டால் சுரப்பி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பக்கம் மட்டும் தொட்டால் துள்ளுகிற வலி இருந்தாலே டாக்டர் சந்தேகப்படுவார். அடுத்தது ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேனில் இந்த இடம் சரியாகத் தெரியாது. பிறப்புறுப்பின் மேல் கருவியை வைத்தோ, உள்வழியாகவோ பார்க்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் எம்.ஆர்.ஐ.

எனக்கு இருப்பது சிறுநீர்ப்பைத் தொற்றா, சுரப்பியா? வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

உறுதியாக முடியாது. ஆனால் டாக்டரிடம் சொல்லத் தகுந்த குறிப்புகளைச் சேர்க்கலாம்.

சிறுநீர்ப்பையில் தொற்று என்றால் அவசரமும் அடிக்கடியும்தான் முன்னால் நிற்கும். அடிவயிறு கனக்கும், போய் முடிக்கும்போது வலிக்கும், நிறமும் வாடையும் மாறும். பொதுவாகச் சரியான மாத்திரையில் இரண்டு மூன்று நாளில் அடங்கும். வெளித்தோலில் புண்ணோ வெள்ளைப்படுதலோ இருந்தால், சிறுநீர் வெளியே வந்து தோலில் படும்போது எரியும். உள்ளே எரிகிறதா, வெளியே பட்டு எரிகிறதா என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

சுரப்பிக்காரர்கள் சொல்வது வேறு. "ஒரே இடத்தில் வலி." "மரப் பெஞ்சில் உட்கார்ந்தால் குத்துகிறது." "கணவரோடு சேரும்போது முன்பக்கம் வலிக்கிறது." "ஜட்டியில் மஞ்சளாகச் சின்னக் கறை." "மாத்திரை சாப்பிடும் வரை பாதி குறைகிறது, நிறுத்தினால் பழைய கதை." இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் பஸ் செல் 15-20 என்று இருக்கிறது. ஆனால் கிருமி இல்லையாம். என்ன அர்த்தம்?

கொலக்கம்பையிலிருந்து வந்த ஒரு பாட்டி, "தினமும் பஸ்ஸில் வருவதால் வந்ததா?" என்று கேட்டார். லேப் முழுக்கச் சிரித்தோம். பாவம், அவர் கேட்டதில் என்ன தப்பு, அந்தச் சீட்டில் தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை. பஸ் செல் என்றால் சீழ் அணு. உடம்பு எங்கோ கிருமியோடு சண்டை போட அனுப்பிய வெள்ளையணு.

சீழ் அணு இருந்து கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால், அந்த ரிப்போர்ட்டை நார்மல் என்று மடித்து வைக்கக் கூடாது. ஏற்கெனவே சாப்பிட்ட ஆன்டிபயாடிக், சிறுநீர்க் கல், வெள்ளைப்படுதல் கலந்தது, சாதாரணக் கல்ச்சரில் வளராத கிளமிடியா, சுரப்பித் தொற்று, இவற்றோடு காசநோயையும் யோசிக்க வேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கிட்னியிலும் சிறுநீர்ப்பையிலும் அது வரும், இருமலே இல்லாமல் வரும். மாதக்கணக்கில் கடுப்பு, சிறுநீரில் ரத்தம், எடை குறைதல், மாலைக் காய்ச்சல் என்றால் விடிகாலைச் சிறுநீரைத் தொடர்ந்து மூன்று நாள் எடுத்து அதற்கான சோதனைக்கு அனுப்புவார்கள். நம் ஊரில் இது அரிதான சந்தேகம் இல்லை.

யோனி வாசலில் ஒரு பக்கம் கட்டி. உட்கார முடியவில்லை. இதுவும் ஸ்கீன்தானா?

இடத்தைப் பாருங்கள். யோனி வாசலைக் கடிகார முகப்பாக நினைத்தால், கீழ்ப்பக்கம் 4 மணி அல்லது 8 மணி இடத்தில் கட்டி இருந்தால் அது பெரும்பாலும் பார்த்தோலின் சுரப்பி. 1677-ல் காஸ்பர் பார்த்தோலின் என்ற டென்மார்க் உடற்கூறியலாளர் எழுதியது. இது பிடிபடாமல் போவது குறைவு, ஏனென்றால் எலுமிச்சை அளவுக்கு வீங்கி நடக்க விடாது, தானே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடும். சீழ் பிடித்தால் கீறி வடித்து, திரும்ப மூடாமல் ஒரு வழி வைப்பார்கள். வீட்டில் ஊசியால் குத்தாதீர்கள். 40 வயதுக்கு மேல் புதிதாக அந்த இடத்தில் கட்டி வந்தால் கொஞ்சம் சதையெடுத்துச் சோதிப்பது வழக்கம். புற்றுநோய் அபூர்வம்தான், என்றாலும் பார்த்துவிடுவது நல்லது.

முன்பக்கச் சுவரில் உருண்டை மாதிரி தெரிகிறது. எழுந்த பிறகும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வருகிறது.

சிறுநீர்க்குழாயின் சுவர் பிதுங்கி ஒரு பை உண்டாகியிருக்கலாம். இந்தச் சுரப்பிகள் அடைத்து, சீழ் பிடித்து, குழாய்க்குள் உடைவதால்தான் பெரும்பாலும் அந்தப் பை உருவாகிறது என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். கழிக்கும்போது எரிச்சல், சேர்க்கையில் வலி, முடிந்த பிறகு சொட்டுதல் மூன்றும் சேர்ந்தது இதன் பாடப்புத்தக அடையாளம். ஆனால் மூன்றும் ஒன்றாக வரும் பெண்கள் குறைவு என்றே டாக்டர்கள் சொல்வார்கள். பைக்குள் சிறுநீர் தேங்கி அழுகும், சில சமயம் கல்கூட உண்டாகும். இதற்கு எம்.ஆர்.ஐ. தான் சிறந்த படம். கட்டி என்று நினைத்து அவசரப்பட்டு யாரும் கீறிவிடக் கூடாது. கீறினால் சிறுநீர் யோனி வழியாகக் கசியும் நிலை வரலாம். சிறுநீரக அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். தேவைப்பட்டால் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போகத்தான் வேண்டும்.

இது 'கெட்ட நோயா'? கணவரையும் கூட்டி வரச் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரல் இறங்கிவிடும். மெதுவாகப் பதில் சொல்ல வேண்டிய இடம்.

சுரப்பித் தொற்று இரண்டு வழியிலும் வரும். குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை போன்ற கிருமி, தோல் கிருமிகள், இவை யாரோடும் சேராமலே வரலாம். கொனோரியா, கிளமிடியா என்றால் உடலுறவு மூலம் வந்தது. எது என்று சோதனைதான் சொல்ல வேண்டும், முகத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கிளமிடியா எந்த அறிகுறியும் இல்லாமல் நெடுநாள் உடம்பில் இருக்கும். அதனால் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் பஞ்சாயத்து நடத்த முடியாது.

இந்த இரண்டில் ஒன்று என்று வந்தால் கணவருக்கும் சிகிச்சை கட்டாயம். இல்லையென்றால் நீங்கள் குணமாகி, அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வீர்கள். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று தனியாகவே உண்டு. இலவசம், பெயர் வெளியே போகாது. அங்கே அறிகுறியை வைத்து நிறம் நிறமாக மருந்துப் பொட்டலம் கொடுக்கும் முறை இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், உடனே மருந்து கிடைத்துவிடும். ஆனால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பரிசோதனைக்குப் படுக்காமலே திரும்பி வந்துவிடாதீர்கள். பொட்டலம் சாப்பிட்டும் குறையாவிட்டால் கண்டிப்பாகப் பரிசோதனை வேண்டும்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உள்ளே பரிசோதனை செய்வார்களா?

உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. வெளிப்பக்கம் பார்த்து, துவாரத்தின் ஓரத்தை மெதுவாக அழுத்தி, மேலே கருவி வைத்து ஸ்கேன் எடுத்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஆண் டாக்டராக இருந்தால் பெண் உதவியாளர் கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. அம்மா அறைக்குள் இருக்கலாமா கூடாதா என்பதையும் நீங்களே சொல்லலாம். அம்மா வெளியே இருந்தால் உண்மை வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாதவிடாய் நின்று ஆறு வருஷம். எனக்கும் எரிச்சல்தான். அதுவும் சுரப்பியா?

இருக்கலாம், ஆனால் உங்கள் வயதில் முதலில் பார்க்க வேண்டியது வறட்சி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அந்தப் பகுதித் தோல் மெலிந்து, நல்ல கிருமிகள் குறைந்து, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். டாக்டர் எழுதிக் கொடுத்து யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அதைக் குறைக்கிறது. சர்க்கரை அளவையும் பாருங்கள். சர்க்கரைக்கான சில புதிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அவற்றால் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கொழுந்து மலையில் கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைப்பதால்தான் வந்ததா?

சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது ஒரு காரணம். குளிரில் தாகம் தெரியாது. காலையில் குடித்த ஒரு டம்ளர் டீயோடு மத்தியானம் வரை நிற்பவர்களை எனக்குத் தெரியும். இடுப்பில் படங்கு, காலில் பூட்ஸ், சுற்றிலும் அட்டைப்பூச்சி, கீழே சரிவு. அத்தனையும் அவிழ்த்து எங்கே போய் உட்காருவது? அதனால் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி மூன்றையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. காட்டு மேட்டில் அது எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது கொழுந்துக் கூடை சுமந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிப்பது சிறுநீர்ப்பையைக் கழுவும். பக்கவாட்டில் அடைத்துக் கிடக்கும் சுரப்பிக்குள் அது போகாது. "தண்ணி குடி, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியது பலிக்கவில்லை என்றால் நீங்கள் சரியாகக் குடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பார்லிக் கஞ்சி, மோர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கெடுதல் இல்லை, செய்யுங்கள். சீழை அவை எடுக்காது. மெடிக்கலில் கொடுக்கும் சிட்ரேட் சிரப்பும் அப்படித்தான், எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவே.

மெடிக்கலில் கேட்டு அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிடலாமா? ஊட்டி போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது.

சம்பளம் போவது உண்மை. அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக நான் தயாராக இல்லை. ஆனால் மூன்று நாள் மாத்திரையில் பாதி குறைந்து, அடுத்த மாதம் திரும்ப வந்து, இன்னொரு மூன்று நாள் என்று போனால் கணக்கு இன்னும் கூடும். கிருமி மருந்துக்குப் பழகும். கல்ச்சர் பொய் சொல்லும். போதாததற்கு, நீர்க்கடுப்புக்கு என்று கடையில் தூக்கிக் கொடுக்கும் ஃப்ளூரோகுயினோலோன் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். நோய் மறைந்து உட்கார்ந்து, தெரிய வரும்போது கிட்னி கெட்டிருக்கும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால் கடை மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்: மாத்திரையின் முதல் வேளைக்கு முன்பே கல்ச்சர் பாட்டிலைக் கொடுத்துவிடுங்கள். பாட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். மஞ்சூர் தாண்டி கிண்ணக்கொரையிலிருந்து வீட்டிலேயே பிடித்துப் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஊட்டிக் குளிர் ஃபிரிட்ஜ் ஆகாது. லேபுக்கு வந்து அங்கேயே கொடுங்கள்.

சுரப்பித் தொற்று என்று தெரிந்த பிறகு என்ன சிகிச்சை?

கிருமிக்கேற்ற ஆன்டிபயாடிக், டாக்டர் சொல்லும் நாள் வரை முழுதாக. சாதாரண நீர்க்கடுப்புக்குக் கொடுப்பதைவிட நாள் கூடலாம், பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அகலமான டப்பில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி இடுப்பு மூழ்க உட்காருங்கள். அடைப்பு இளகி வடிய அது உதவும். டெட்டால் ஊற்றாதீர்கள், தோல் வெந்துவிடும். சீழ்க்கட்டியாக நின்றால் வடிப்பார்கள். திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் சுரப்பியை அகற்றுவதும் உண்டு. சிறுநீர்க்குழாயை ஒட்டிய இடம் என்பதால் அனுபவமுள்ள கை வேண்டும்.

கோத்தகிரிப் பெண்ணுக்குச் சீழ் கல்ச்சரில் ஈ.கோலைதான் வந்தது. மருந்தும் வெந்நீருமாக மூன்று வாரத்தில் தேறினார். கத்தி தேவைப்படவில்லை.

காத்திருக்காமல் உடனே போக வேண்டியது எப்போது?

குளிர்க்காய்ச்சலோடு விலாவில் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், சிறுநீரே வராமல் அடைத்தல், கர்ப்பமாக இருக்கும்போது எந்த எரிச்சலும். ராத்திரியானாலும் 108 கூப்பிடுங்கள்.

எங்கே போவது? போய் என்னவென்று சொல்வது? வாய் வரமாட்டேன் என்கிறது.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அங்கிருந்து குன்னூர், கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். அதற்கு மேல் ஊட்டியில் 2022-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மகளிர் நோய்ப் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள், பொது ஓ.பி. வரிசையில் நின்றால் திரும்பவும் அதே மாத்திரைதான். பந்தலூர், சேரம்பாடிக்காரர்கள் கேரளப் பக்கம் சுல்தான் பத்தேரிக்குப் போவதானால் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருஷத்தில் மூன்று முறை தொற்று வந்திருந்தால் மருத்துவக் கணக்கில் அது "திரும்பத் திரும்ப வரும் தொற்று". இந்த எண்ணிக்கையைச் சொன்னாலே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். கோத்தகிரிப் பெண் குணமான பிறகு, இதே தொந்தரவோடு இருந்த தன் நாத்தனாருக்காக ஒரு சீட்டு எழுதி என்னிடம் சரிபார்க்கக் கொண்டுவந்தார். மகளின் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை:

"எட்டு மாசமா எரிச்சல். மாத்திரை நாலு தடவை சாப்பிட்டாச்சு. யூரின்ல கிருமி இல்லைன்னு ரெண்டு தடவை வந்துச்சு. உக்காந்தா இடது பக்கம் குத்துது. காலைல இருந்து யூரின் போகலை. படுக்க வச்சு கை வச்சுப் பாருங்க மேடம்."